ஆடுவது தலைக்கவசம், ஆட்டுவது எது?



நம் நாட்டில் 16 வயது நிறைந்தவர்கள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். படிவம் 4, படிவம் 5 பயிலும் உங்களில் சிலர் இந்த ஆண்டே 'எல்' உரிமத்திற்குப் பதிந்திருப்பீர்கள். இன்னும் பலர் அப்பாவின் பின்னாலோ அண்ணனின் பின்னாலோ அமர்ந்து நாள்தோறும் பள்ளிக்கு வருகிறீர்கள். ஆகவே, இன்று நான் எழுதப்போவது உங்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல.

இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பதால் மாணவர்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதை நான் அடிக்கடி கேட்கிறேன். அதில் ஒரு முறையீடு திரும்பத் திரும்ப வரும். "டீச்சர், நெடுஞ்சாலையில் போனால் தலைக்கவசம் கடகடவென்று ஆடுகிறது. கழுத்து வலிக்கிறது." அதற்கு அவர்களே சொல்லும் தீர்வுகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, பெரிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டுவது. இரண்டு, விலை கூடிய தலைக்கவசம் வாங்குவது. மூன்றாவதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கும்: தாடைக்குக் கீழே உள்ள வாரைத் தளர்த்திவிடுவது, அல்லது தலைக்கவசத்தையே கழற்றிவிடுவது.

மலேசியச் சாலைகளில் விபத்தில் இறப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் மூன்றாவது தீர்வை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டும்கூடப் பல நேரங்களில் வீண் செலவாகவே முடிகின்றன. காரணம் தெரியாமல் மருந்து வாங்குவதுபோல்தான் அது. என் கருத்து இதுதான்: தலைக்கவசம் ஆடுவதற்குக் காற்று பலமாக அடிப்பது முதற்காரணம் அல்ல, காற்று குழம்பி அடிப்பதே முதற்காரணம். அந்தக் குழப்பம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்தால், பாதிச் சிக்கல் ஒரு காசு செலவில்லாமல் தீரும்.

இது கழுத்து வலி மட்டுமா?

முதலில், இதை ஏன் சின்ன விஷயமாக விட்டுவிடக் கூடாது என்று பார்ப்போம். இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொண்டே இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறது, இல்லையா? இப்போது தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, தாளை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிப் போகும்.

உங்கள் காதின் உட்பகுதியில் தலையின் அசைவை உணரும் சமநிலை உறுப்பு ஒன்று இருக்கிறது. தலை வலப்புறம் திரும்பினால், அது கண்களை அதே அளவு இடப்புறம் திருப்பச் செய்கிறது. அதனால்தான் தலை ஆடினாலும் பார்வை நிலையாக இருக்கிறது. ஆனால், இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தலைக்கவசத்தோடு சேர்ந்து தலை வேகமாக, ஒழுங்கில்லாமல் அதிரும்போது கண்களால் முழுமையாக ஈடுகொடுக்க முடியாது. முகக்கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னால் செல்லும் காரின் எண் பட்டை கலங்கித் தெரிகிறது என்றால், சாலையில் கிடக்கும் கல்லும் குழியும் தெளிவாகத் தெரியாது.

காதுக்கும் கெடுதல் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு இயந்திரத்தினுடையது அல்ல, காற்றினுடையது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 90 டெசிபலைத் தாண்டுவது உண்டு. நம் நாட்டின் வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் எல்லை 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும் என்பது கணக்கு. அப்படியானால் 94 டெசிபலில் எவ்வளவு நேரம்? 85-க்கு எட்டு மணி, 88-க்கு நான்கு, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒரே ஒரு மணி நேரம். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வரும் உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பிய காற்று தலையை ஆட்டுவதோடு இரைச்சலையும் கூட்டுகிறது.

பலமான காற்றும் குழம்பிய காற்றும்

இடுப்பளவு ஆழமுள்ள ஆற்றில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர் ஒரே சீராக உங்களைத் தள்ளுகிறது. உடலைச் சற்று முன்சாய்த்தால் போதும், நிற்க முடியும். இப்போது கடலில் அதே இடுப்பளவு ஆழத்தில் நிற்கிறீர்கள். அலை ஒரு முறை தள்ளுகிறது, அடுத்த நொடி இழுக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தடுமாறுகிறீர்கள். ஆற்றின் தள்ளுதலுக்கு உடல் பழகிக்கொள்ளும். அலையின் தள்ளுதலுக்குப் பழக முடியாது. சீரான காற்றுக்கும் குழம்பிய காற்றுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான்.

சீரான காற்று தலையை எவ்வளவு விசையுடன் தள்ளும் என்பதை நாமே கணக்கிடலாம். காற்றின் அடர்த்தியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வேகத்தின் வர்க்கத்தாலும், தலைக்கவசத்தின் முன்பக்கப் பரப்பாலும், வடிவத்தைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் பெருக்குங்கள். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோகிராம். தலைக்கவசத்தின் முன்பக்கப் பரப்பை 0.06 சதுர மீட்டர் என்றும், வடிவ எண்ணை 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விசை சுமார் 5 நியூட்டன். 90 கிலோமீட்டரில் சுமார் 11 நியூட்டன். 110 கிலோமீட்டரில் சுமார் 17 நியூட்டன்.

17 நியூட்டன் என்பது ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் எடையைவிடச் சற்று அதிகம். நெடுநேரம் தாங்கினால் கழுத்து களைத்துப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விசை மாறாமல் இருக்கும்வரை தலை ஆடாது. அதே விசை ஒரு நொடிக்குள் பல முறை 8 நியூட்டனுக்கு இறங்கி 20 நியூட்டனுக்கு ஏறினால்? அப்போதுதான் தலைக்கவசம் கடகடவென்று ஆடுகிறது. விசையின் அளவைவிட விசையின் ஏற்ற இறக்கமே நம் எதிரி.

குழப்பம் பிறக்கும் இடம்

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதற்கு முன்னால் ஓர் உருண்டையான போத்தலை வைத்து, போத்தலின் இந்தப் பக்கமிருந்து ஊதுங்கள். சுடர் அணைந்துவிடும். காற்று போத்தலின் வளைவைத் தழுவிக்கொண்டு சென்று பின்னால் மீண்டும் ஒன்றுசேர்கிறது. இப்போது போத்தலை எடுத்துவிட்டு, அதே அகலமுள்ள தட்டையான அட்டை ஒன்றை வைத்து ஊதுங்கள். சுடர் அணையாது. அதைவிட வியப்பு, சுடர் உங்களை நோக்கி, அதாவது அட்டையை நோக்கிச் சாயும்!

அட்டையின் கூரான விளிம்பில் காற்றால் சட்டென்று திரும்ப முடிவதில்லை. அது மேற்பரப்பை விட்டு விலகிப் பாய்கிறது. அட்டைக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று சுழன்று பின்னோக்கி வருகிறது. சுடரைச் சாய்த்தது அந்தச் சுழல்தான்.

சுழல்கள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஒன்று வளர்ந்து பிரிந்து போகும். உடனே அடுத்தது வளரும். 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால், காற்றில் கம்பிகள் 'பாடுவதை' ஆராய்ந்து, அந்த ஒலியின் அதிர்வெண்ணைக் காற்றின் வேகத்தோடும் கம்பியின் தடிப்போடும் இணைத்துக் காட்டினார். உருண்டையான பொருளுக்குக் கணக்கு எளிது: வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, 0.2-ஆல் பெருக்கினால் ஒரு நொடிக்கு எத்தனை சுழல்கள் என்று கிடைக்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருள்மீது மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் காற்று மோதினால், நொடிக்கு 12 அல்லது 13 முறை. காற்றுத் தடுப்புக் கண்ணாடி உருண்டையானது அல்ல என்பதால் இது துல்லியமான விடை ஆகாது. ஆனாலும், நொடிக்குச் சில முறைகள் முதல் பல முறைகள் வரை தலை ஏன் தட்டப்படுகிறது என்பதை இந்தக் கணக்கு புரியவைக்கிறது.

மோட்டார் சைக்கிளில் இந்தச் சுழல்கள் எங்கிருந்து வரலாம்? முதல் சந்தேகம் காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பு. அடுத்து, பின்பார்வைக் கண்ணாடிகள். தலைக்கவசத்தின் நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் நிழல் தட்டு. தலைக்கவசத்தின்மேல் ஒட்டிய கேமரா. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வெயிலுக்கும் காற்றுக்கும் முன்பின்னாக மாட்டிக்கொள்ளும் ஜாக்கெட். அதன் கழுத்துப்பட்டை தாடையின் கீழே படபடவென்று அடிப்பதையும் தலைக்கவசத்தின் ஆட்டம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

கடைசியாக, முன்னால் போகும் லோரி. தட்டையான அதன் பின்புறம் மெழுகுவர்த்திக்கு முன்னால் வைத்த அட்டையேதான். அளவு மட்டும் பெரிது. லோரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போனால் காற்று குறைவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது குழம்பிய காற்று. மணிக்கு 90 கிலோமீட்டரில் நீங்கள் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறீர்கள். இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். அந்த இடைவெளி பிரேக் பிடிப்பதற்கு மட்டுமல்ல, காற்று அமைதியடைவதற்கும் உதவுகிறது.

பெரிய கண்ணாடி பெரிய தீர்வா?

இப்போது கடைக்குப் போவோம். "பெரியதாக மாட்டினால் காற்றே வராது" என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி காற்றை அழிப்பதில்லை, மேலே தள்ளிவிடுகிறது. அதன் விளிம்பைத் தாண்டியதும், மேலே வேகமான காற்றுக்கும் கீழே அமைதியான காற்றுக்கும் நடுவே ஒரு கொந்தளிப்பான எல்லை உண்டாகிறது. உங்கள் தலை அந்த எல்லைக்கு மேலே இருந்தால் சீரான காற்று கிடைக்கும்; விசை அதிகம், ஆட்டம் குறைவு. எல்லைக்குக் கீழே இருந்தால் அமைதி. எல்லையிலேயே இருந்தால்தான் ஆபத்து. கண்ணாடியே இல்லாத கப்சாயில் ஆடாத தலைக்கவசம், கண்ணாடி மாட்டிய பிறகு ஆடத் தொடங்குவது இதனால்தான். அதுவரை நெஞ்சில் மோதிய காற்று மேலேறி, இப்போது கன்னத்தில் மோதுகிறது.

உயரம் ஆளுக்கு ஆள் மாறுபடும். உங்கள் நண்பருக்கு அருமையாக அமைந்த கண்ணாடி, அவரைவிட 10 சென்டிமீட்டர் உயரமான உங்களுக்குத் தலைவலியாகலாம். எனவே, யாரோ பாராட்டியதற்காக வாங்குவது சரியல்ல. அடுத்து, மிக உயரமான கண்ணாடியிலும் ஒரு கேடு இருக்கிறது. அதன் வழியாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும். மாலை மழையிலும், எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளியிலும் அது தெளிவாகத் தெரியாது. கண்ணாடியின் விளிம்புக்கு மேலாகச் சாலையைப் பார்க்க முடிய வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்துவது, அல்லது சாய்வை மாற்றுவது. கண்ணாடியின் கீழ்ப்பகுதிக்கும் விளக்குப் பகுதிக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவதும் பலருக்கு உதவுகிறது. அந்த இடைவெளி வழியாக நுழையும் காற்று, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தாழ்வழுத்தப் பகுதியை நிரப்புகிறது. பள்ளம் நிரம்பிவிட்டால் சுழல் வலுவிழக்கும். மெழுகுவர்த்திச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். இம்முறை அட்டையின் அடிப்பாகத்தை மேசையிலிருந்து சிறிது தூக்கிப் பிடித்து ஊதுங்கள். சுடர் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆய்வுக்கூடத்தில் நாம் முதலில் கற்பது என்ன? மாறிகள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் மோட்டார் சைக்கிள் என்றதும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். ஒரே நாளில் கண்ணாடியை மாற்றி, புதுத் தலைக்கவசம் வாங்கி, கைப்பிடியின் உயரத்தையும் மாற்றினால், ஆட்டம் குறைந்தது எதனால் என்று எப்படித் தெரியும்?

உரிமம் உள்ள பெரியவர் ஓட்டட்டும். நீங்கள் ஆய்வாளராக இருங்கள். வீட்டில் ஒரு குறிப்பேடு வையுங்கள். அதே சாலை, அதே வேகம், காற்று வீசாத காலை நேரம். ஆட்டத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். ஒரு முறைக்கு ஒரே மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று முறை சோதித்துச் சராசரி எடுங்கள்.

முதல் சோதனை: ஆட்டுவது காற்றா, இயந்திரமா? சட்டம் அனுமதிக்கும் ஒரே வேகத்தில், ஒரு முறை மூன்றாவது கியரிலும் ஒரு முறை நான்காவது கியரிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் வேகம் மாறவில்லை; இயந்திரத்தின் சுழற்சி மட்டும் மாறுகிறது. அதிர்வும் மாறினால் காரணம் இயந்திரம். மாறாவிட்டால் காற்று அல்லது சக்கரம். சக்கரத்தின் அதிர்வு கைப்பிடியில் தெரியும். அதைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

இரண்டாவது சோதனை: வாகனங்கள் குறைந்த நேரான சாலையில், இரு கைகளும் கைப்பிடியிலேயே இருக்க, ஓட்டுநர் தலையைச் சில சென்டிமீட்டர் தாழ்த்தியும் பிறகு நிமிர்ந்தும் பார்க்கட்டும். தாழ்த்தும்போது ஆட்டம் நின்றால், தலை கொந்தளிப்பு எல்லையில் இருக்கிறது. கண்ணாடி சற்று உயர வேண்டும். நிமிரும்போது நின்றால், கண்ணாடி தாழ வேண்டும். எந்தப் பக்கமும் மாற்றமே இல்லையென்றால், கண்ணாடி குற்றவாளி அல்ல, தலைக்கவசத்தைச் சந்தேகியுங்கள். ஒரு கையை விட்டுக் காற்றைத் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம்.

மூன்றாவது சோதனை: ஜாக்கெட்டை நேராக மாட்டி, கழுத்துவரை மூடி ஓட்டுவது. நான்காவது: தலைக்கவசத்தில் ஒட்டியுள்ள கேமராவையும் நிழல் தட்டையும் கழற்றிவிட்டு ஓட்டுவது. இவற்றுக்கெல்லாம் செலவு எவ்வளவு? ஒரு சென்கூட இல்லை.

தலைக்கவசமே காரணமானால்

ஒரு டின்னுக்குள் ஒரு கோலியைப் போட்டு ஆட்டினால் சத்தம் வருகிறது. அதே டின்னுக்குள் பஞ்சை இறுக்கமாக அடைத்து, நடுவே கோலியை வைத்தால் சத்தம் வருவதில்லை. தளர்வான தலைக்கவசம் முதல் டின். காற்று சிறிது தட்டினாலும் கவசம் தலையைவிட்டுத் தனியே நகர்ந்து, திரும்பவும் வந்து மோதும். ஆகவே, ஆடுகிறது என்று வாரைத் தளர்த்துவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

வாங்கும் முன் புருவத்துக்குச் சற்று மேலே தலையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். தலைக்கவசத்தை மாட்டி, இரு கைகளாலும் அதைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் கவசத்தோடு சேர்ந்து நகர வேண்டும். கவசம் மட்டும் தனியே திரும்பினால் அது பெரியது. வாரைப் பூட்டிய பிறகு, தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் போதும். அடுத்து, பின்புறக் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால், அந்தக் கவசம் உங்களுக்கு உரியதல்ல. விபத்திலும் அது அப்படியே கழன்றுவிடும்.

பழைய கவசம் என்றால் உள் மெத்தை தேய்ந்து நைந்திருக்கலாம். சில வகைகளுக்குக் கன்ன மெத்தை தனியாகக் கிடைக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் மெத்தைக்குப் பின்னால் உள்ள வெள்ளை நுரைப் பகுதியை ஒருபோதும் செதுக்காதீர்கள். மோதலின்போது நசுங்கி, அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்வது அதுதான். கீழே விழுந்து பலமாக அடிபட்ட கவசத்தையும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதிமுறை 1973-இல் வந்தது. தலைக்கவசத்துக்கான மலேசியத் தர எண் என்ன தெரியுமா? எம்.எஸ். 1. அந்த எண்ணே அதன் முக்கியத்துவத்தைச் சொல்கிறது.

விலை கூடியது எல்லாம் ஆடாது என்று நினைக்காதீர்கள். காற்றைக் கிழித்துச் செல்லும்படி வடிவமைத்த, எடை குறைந்த கவசங்கள் நல்லவைதான். ஆனால், அளவு பொருந்தாத விலையுயர்ந்த கவசத்தைவிட, அளவு பொருந்திய சிரிம் முத்திரைக் கவசம் மேல். திறந்த முகம் கொண்ட கவசத்தில் நீளமான முகக்கண்ணாடி இருந்தால், அதன் அடியில் காற்று புகுந்து கவசத்தை மேலே தூக்கும். விரைவு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்பவருக்கு முழுமுகக் கவசமே பொருத்தம் என்பது என் கருத்து.

யாரும் விரும்பாத தீர்வு

எல்லாச் சோதனைகளையும் விட எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்குவது. வேகத்தைச் சற்றே குறைக்கிறோம். ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சுழல்களின் வலிமையும் இரைச்சலும் கூடவே குறையும்.

"நேரமாகுமே" என்பீர்கள். 30 கிலோமீட்டர் தூரத்துக்கு 110-இல் சென்றால் 16 நிமிடத்துக்குச் சற்று அதிகம். 90-இல் சென்றால் 20 நிமிடம். வேறுபாடு மூன்றரை நிமிடம். கைப்பேசியில் ஒரு காணொளி பார்க்கும் நேரம்.

இங்கே சிலர் என்னை மறுப்பார்கள். "இயற்பியல் படித்தா எல்லாரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? அனுபவம் போதாதா?" என்று கேட்பார்கள். அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 20 ஆண்டுகள் ஓட்டியவருக்கு, லோரியை முந்தும்போது காற்று முதலில் உள்ளே இழுக்கும், பிறகு வெளியே தள்ளும் என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். ஆனால் அந்த அனுபவம் வரும்வரை நீங்கள் என்ன செய்வீர்கள்? 16 வயதில் அனுபவம் கிடையாது. உங்களிடம் இருப்பது பாடப் புத்தகமும் சிந்திக்கும் பழக்கமும்தான். அவற்றைத் தேர்வு மண்டபத்தோடு விட்டுவிட்டுச் சாலைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்.

"விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், அன்று மாலையே வாரைப் பூட்டாமல் நெடுஞ்சாலையில் முறுக்கிக்கொண்டு போனால், அவர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். அடுத்த அறிவியல் விழாவுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கும் ஒரு யோசனை. மேசை விசிறி ஒன்று, அட்டையில் செய்த சிறு காற்றுத் தடுப்பு, தலைக்குப் பதில் ஒரு பந்து, குச்சியில் கட்டிய சில நூல் துண்டுகள். நூல் நேராகப் பறக்கும் இடம் சீரான காற்று; துடிக்கும் இடம் குழம்பிய காற்று. காற்றுத் தடுப்பின் உயரத்தை இரண்டிரண்டு சென்டிமீட்டராக மாற்றி, பந்தின் அருகில் உள்ள நூல் எப்போது துடிக்கிறது என்று வரைபடம் வரையுங்கள். விமானப் பொறியாளர்களும் நூல் ஒட்டித்தான் காற்றின் போக்கைப் பார்க்கிறார்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கவசத்தையும் எடுத்து, அதை அணிபவரின் தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். தனியே திரும்பும் கவசம் ஒன்று இருந்தாலும், அதை அணிபவரிடம் அன்றே சொல்லுங்கள். புதிய கண்ணாடியைப் பற்றிப் பிறகு பேசலாம்.